மாமனார் பேரில் ஒரு பாடம்

துமார் தன் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் பற்றித் துருவித் துருவி விசாரித்தாள். மாப்பிள்ளை குடிப்பாரா, எத்தனை மாடு கறக்க வேண்டும், கிணறு எவ்வளவு தூரம், பனி விழுந்தால் பஸ் வருமா, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மாமனார் பேரை மட்டும் கேட்கவில்லை. நாரின் நகரத்துக் கல்லூரியில் நாலு வருஷம் இயற்பியல் படித்தவள், அவ்வளவு விவரமானவள், அந்த ஒன்றைக் கேட்காமலே கம்மல் போடக் காதை நீட்டிவிட்டாள். எங்கள் பக்கம் மாமியார் வந்து பெண்ணின் காதில் கம்மல் மாட்டிவிட்டால் முடிந்தது, அப்புறம் பேச்சே கிடையாது.

மாமனார் பேர் குச்பெக்.

இதில் என்ன வந்தது என்று தோன்றலாம். எங்கள் பாஷையில் குச் என்றால் பலம், பெக் சும்மா பின்னால் ஒட்டிக்கொள்ளும் மரியாதை. பள்ளிக்கூடத்து இயற்பியல் புத்தகத்தில் விசைக்கும் அதுதான் பேர். வீட்டுக்கு வந்த மருமகள் மாமனார் பேரை வாயால் சொல்லக்கூடாது. பேரை மட்டுமில்லை, பேருக்குள்ளே இருக்கும் சொல்லையும் சொல்லக்கூடாது. மற்ற மருமகள்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. ஆப்பிளின் பேர் கொண்ட மாமியார் வாய்த்தவள் ஆப்பிளைச் 'சிவப்பு உருண்டை' என்று சொல்லிக் காலத்தை ஓட்டிவிடுவாள். துமாரோ எங்கள் செட்-பூலாக் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு இயற்பியல் டீச்சர். அந்தப் புத்தகத்தில் பாதிக்குப் பாதி விசைதான். நல்லவேளை, மச்சினர்களுக்கு யாரும் நிறை என்றும் வேகம் என்றும் பேர் வைத்திருக்கவில்லை.

கல்லூரியில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன சொல், கல்யாணத்தன்று பூட்டிக்கொண்டது.

வேலைக்குப் போன முதல் வருஷம், முதல் விசைப் பாடம். கரும்பலகையில் அந்த லத்தீன் எழுத்தை எழுதினாள், சாவி மாதிரி இருக்குமே, அதை. எழுதத் தடையில்லை, தடையெல்லாம் நாக்குக்குத்தான். எழுதிவிட்டுத் திரும்பி வாயைத் திறந்தாள். அப்போது மாமியார் உயிரோடு இருந்தார். கன்றுக்குட்டியைத் தேடுகிற சாக்கில் பள்ளிக்கூட ஜன்னலோரம் நடக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. பிள்ளைகள் இருபத்தொரு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். மேசைமேல் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு, வாயில் வந்ததைக் கேட்டாள்.

"இங்க யாரு யாரை இழுக்கிறா, யாரு யாரைத் தள்ளுறா?"

யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை, புத்தகம் பாட்டுக்குச் சும்மா கிடக்கிறது என்றான் ஒருவன். அவனையே எழுந்து வரச்சொல்லி, உள்ளங்கையை நீட்டச் சொல்லி, அதன்மேல் ஒவ்வொன்றாகப் புத்தகம் அடுக்கினாள். ஏழாவது புத்தகத்தில் அவன் முகம் கோணியது. புத்தகம் கையை அமுக்குகிறது, கை புத்தகத்தைத் தாங்கித் தள்ளுகிறது, பூமி புத்தகத்தைக் கீழே இழுக்கிறது என்று மூச்சு வாங்க ஒப்புக்கொண்டான். மேசைக்கு முகம் கோணாததால் அது ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துவிட்டாயா என்று கேட்டு அவனை உட்கார வைத்தாள்.

அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷமாக இதே கதைதான். அந்தச் சொல் வர வேண்டிய இடத்திலெல்லாம் 'யாரு யாரை' என்று கேட்பாள். குதிரை வண்டியா? யாரு யாரை? குதிரை வண்டியை இழுக்கிறது, சரி, வண்டி சும்மா இருக்கிறதா? அதுவும் குதிரையைப் பின்னால் இழுக்கிறது. அப்படியானால் குதிரை எப்படி முன்னால் போகிறது? தரையைக் காலால் பின்னுக்குத் தள்ளுகிறது, தரை குதிரையை முன்னுக்குத் தள்ளுகிறது. நம்பாதவன் குதிரையைப் பனிக்கட்டிமேல் நிறுத்திப் பார்க்கட்டும். பிள்ளைகள் அவளுக்கு 'யாரு-யாரை எஜே' என்று பேர் வைத்துவிட்டார்கள். எஜே என்றால் அக்கா, டீச்சர்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம். வீட்டிலும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பலமான காற்று என்று அவளால் சொல்ல முடியாது. 'பாப்லர் மரத்தை வளைக்கிற காத்து' என்பாள். பலமான டீ என்று சொல்ல முடியாது. 'தூக்கத்தைத் துரத்துற டீ' என்பாள். அவள் பேசினால் ஒன்று இன்னொன்றை ஏதாவது செய்துகொண்டே இருக்கும்.

தான் செய்வது ஏதோ ஏமாற்று வேலை என்றே துமார் நினைத்திருந்தாள். மற்ற ஊர்ப் பள்ளிக்கூடங்களில் டீச்சர்கள் சொல்லைச் சொல்லி, விளக்கத்தை மூன்று தடவை ஒப்பிக்க வைத்து, ஒழுங்காகப் பாடம் நடத்துகிறார்கள், தான்தான் ஊமையாடி நடத்துகிறோம் என்று அவளுக்கு உள்ளூர வெட்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒழுங்காக ஒப்பித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். விசை என்பது தோல் பையில் வெண்ணெய் இருப்பது மாதிரி ஆளுக்குள்ளேயும் கல்லுக்குள்ளேயும் அடைத்து வைத்திருக்கிற சரக்கு என்று நினைத்துக்கொண்டுதான் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டு பேரன் பேத்தி எடுக்கிறார்கள். துமாரின் பிள்ளைகளுக்கு அடைத்து வைக்கப் பையே கிடைக்கவில்லை. எப்போது பார்த்தாலும் இரண்டு பேரைத் தேட வேண்டியிருந்தது.

மாமனார் குச்பெக்குக்கு இந்த விஷயத்தில் பெருமை சொல்லி முடியாது. இளவயசில் அவர் மல்யுத்தக்காரர். மூன்று மாவட்டத்து ஆட்களை மண்ணில் புரட்டியவர். எழுபத்து நாலு வயசிலும் சட்டைக் கையை மடக்கித் தோளைத் தட்டி, "என் பேரு இங்க இருக்கு, பாஸ்போர்ட்ல இல்ல" என்பார். குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால் குடிக்கக் கூடுகிற இடத்திலெல்லாம், தன் மருமகள் பள்ளிக்கூடத்தில்கூடத் தன் பேரைச் சொல்வதில்லை, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று கேட்பார். மனைவி போய் ஆறு வருஷமாகிறது. மகன் மெடெர் வருஷத்தில் பாதி நாள் ஆடுகளோடு மலைமேல். வீட்டில் பேச்சுத் துணை மருமகள்தான். அவளோ அவர் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கக்கூட மாட்டாள்.

இப்படியே போயிருக்கும். அக்டோபர் மாதம் மாவட்டத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார்.

பேர் துர்தாகுன். மனிதர் கெட்டவரில்லை. ஆனால் அவர் கையில் இருந்த தாளில் இருபத்திரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்பதாவது கட்டம்: 'பாடத்தின் முக்கியச் சொல்லை ஆசிரியர் உச்சரித்த தடவைகள்.' பின் பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாற்பத்தைந்து நிமிஷம் ஓடியது. ஒன்பதாவது கட்டம் வெள்ளையாகவே இருந்தது. ஆய்வாளருக்கு முதலில் தன் காதுமேல்தான் சந்தேகம் வந்தது. அப்புறம் எழுந்து முன்னால் வந்து, தானே இரண்டு கேள்வி கேட்பதாகச் சொல்லிச் சாக்பீஸை எடுத்தார்.

மேலே எறிந்த பந்து ஒன்றை வரைந்தார். பந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது, அதன்மேல் உள்ள விசைகளைக் காட்ட வேண்டும் என்றார். ஐதை என்ற பெண் எழுந்து போய்ப் பந்திலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டுவிட்டுத் திரும்பினாள். எங்கள் அடுத்த வீட்டுப் பெண் அவள். வாயைக் கட்டிப்போட இன்னும் கயிறு திரிக்கவில்லை.

"இன்னொண்ணு எங்க?" என்று கேட்டு, ஆய்வாளர் தானே மேல்நோக்கி ஒரு பெரிய அம்பு போட்டார். "பந்து மேலதானே போகுது?"

ஐதை அந்த அம்பை அண்ணாந்து பார்த்தாள்.

"இது யாரோடது?"

"என்ன, யாரோடதுன்னா?"

"யாரு பந்தை மேல தள்ளுறா?"

"எறிஞ்ச கை."

"கை கீழயே நின்னுருச்சே. அங்கேருந்து எப்படித் தள்ளும்?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் ஆய்வாளருக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. பிள்ளைகள் இருபது பேரும் நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அந்த அம்புக்குச் சொந்தக்காரன் யார் என்று தெரியாமல் அவர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆய்வாளர் அம்பைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். கடைசியில் கோட்டுக் கையாலேயே அம்பைத் துடைத்தார். துடைத்த பிறகு மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

தலைமையாசிரியர் அறையில் வைத்துத் துமாரிடம் சொன்னார். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அதை மறுக்கவில்லை, ஆனால் ஆசிரியர் பாடத்தின் பேரையே சொல்லாத பாடத்தைப் பாடம் என்று எப்படி எழுதுவது? மூன்று வாரம் கழித்து மறுபடி வருவேன். அன்றைக்கும் ஒன்பதாவது கட்டம் காலியாக இருந்தால் ஏழாம் வகுப்பு இயற்பியல் உடற்பயிற்சி ஆசிரியருக்குப் போகும். காரணத்தைத் தலைமையாசிரியர் அவர் காதில் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டார். தன் மனைவியும் அப்படித்தான், ஆனால் அவள் தபாலாபீஸில் வேலை பார்க்கிறாள் என்றார்.

உடற்பயிற்சி ஆசிரியர் செய்தி கேட்டு, கழுத்தில் ஊதலைத் தொங்கவிட்டுக்கொண்டு துமாரிடம் வந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அந்தப் பாடத்தைத் தண்டால் எடுக்க வைத்தே புரியவைத்துவிடலாம் இல்லையா என்றுதான் கேட்டார். துமாருக்கு அழுகை வந்தது. சம்பளம் குறைவதற்காக இல்லை. சும்மா கிடக்கிற புத்தகத்தை மேசை தள்ளிக்கொண்டிருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குத் திடீரென்று விளங்கும்போது அதன் கண் ஒரு மாதிரி விரியும். வருஷத்துக்கு இருபது தடவை அதைப் பார்க்கத்தான் அவள் பனியில் நடந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

சொல்லிப் பழக வேண்டும், வேறு வழியில்லை என்று முடிவு செய்தாள். வீட்டில் முடியாது. மாட்டுக் கொட்டிலுக்குப் போய், பால் கறக்கும்போது பசுவின் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு, "கு..." என்றாள். அதற்குமேல் வரவில்லை. மறுபடி "கு..." என்றாள். பசு திரும்பிப் பார்த்தது. துமார் எழுந்து நின்று, மாமனார் இருக்கும் அறைப் பக்கம் நெஞ்சில் கை வைத்து ஒரு தரம் குனிந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். மூன்று நாள் இப்படி நடந்தது. நாலாவது நாள் மாமனார் கொட்டில் பக்கம் வந்தவர், மருமகள் தொண்டை அடைத்துத் திணறுவதைக் கேட்டு, இருமல் என்று முடிவு கட்டிவிட்டார். அன்றைக்கே ஆட்டு வால் கொழுப்பைச் சூடான பாலில் உருக்கித் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஐந்து நாள் காலையும் மாலையும் குடித்தாள். ஆறாவது நாள் வாசலில் ஐதை நின்றுகொண்டிருந்தாள்.

"தாத்தா, எஜேக்கு இருமலெல்லாம் இல்ல. உங்க பேருதான் தொண்டைல மாட்டிக்கிச்சு."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆய்வாளர், ஒன்பதாவது கட்டம், உடற்பயிற்சி ஆசிரியர், தண்டால், ஒன்று விடவில்லை. குச்பெக் கொழுப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்டார். இரண்டு நாள் குமிஸ் குடிக்கவும் போகவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட விஷயம், அந்தப் பெண்ணின் கழுத்தில் கல்லாகத் தொங்கியிருக்கிறது என்று கிழவருக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது நாள் டீ ஊற்றும்போது மருமகளைப் பார்க்காமல், டீ கொதிக்கும் சமோவாரைப் பார்த்துப் பேசினார்.

"சொல்லிரு. நானே சொல்றேன். உங்க மாமியா ஆவி வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

"நீங்க அனுமதி குடுத்தது என் காதுக்குக் கேக்குது அத்தா. நாக்குக்குக் கேக்கலையே."

கிழவர் டீயை முடித்து, போதும் என்று கிண்ணத்தின் வாயைக் கையால் மூடி, குதிரைக்குச் சேணம் போட்டுக்கொண்டு கிராம ஆபீசுக்குப் போனார். அங்கிருந்து மோல்தோ வீட்டுக்குப் போனார். மோல்தோ எங்கள் ஊரில் தொழுகை நடத்துகிறவர், பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்லி மூன்று தடவை பேர் சொல்கிறவர். எழுபத்து நாலு வயசுக் குழந்தைக்கு அவர் அதுவரை பேர் வைத்ததில்லை. கிதாபில் தடை இருக்கிறதா என்று தாடியைத் தடவி யோசித்தார். ஆடு எவ்வளவு பெரியது என்று கேட்டுவிட்டு, தடையில்லை என்றார்.

ஊரே திரண்டது. ஆறு வருஷமாக அந்த வீட்டில் விசேஷம் நடக்கவில்லை. முற்றத்தில் பெரிய கொப்பரையில் ஆடு வெந்தது, பெண்கள் போர்சோக் என்கிற மாவுத் துண்டுகளைப் பொரித்து விரிப்பு முழுக்கக் கொட்டினார்கள். கிழவரைத் தொழுகைத் திசையான கிப்லாப் பக்கம் திருப்பி உட்கார வைத்தார்கள். இந்தக் குழந்தை பால் குடிக்குமா கறி தின்னுமா என்று ஒருவன் கேட்டான். தொப்புள்கொடி அறுத்தாயிற்றா என்று இன்னொருவன் கேட்டான். குச்பெக் பாறைமேல் நிற்கிற மலையாடு மாதிரி அசையாமல் இருந்தார். துமார் கதவோரம் தலையில் முக்காட்டோடு நின்றிருந்தாள். தனக்காகத்தான் இத்தனையும் என்று அவளுக்குத் தெரியும். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

புதுப் பேர் என்ன என்பதைக் கிழவர் மோல்தோவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். சொந்தமாக யோசித்துத் தேர்ந்தெடுத்தது. மல்யுத்தம் செய்த ஆள் பூவின் பேரையும் நிலாவின் பேரையும் வைத்துக்கொண்டு நடமாட முடியுமா? அர்த்தம் பழையபடியே இருக்க வேண்டும், சொல் மட்டும் மாற வேண்டும். மோல்தோ குனிந்து, மயிர் முளைத்த அந்தக் காதில் பாங்கு சொல்லி, உரக்கச் சொன்னார்.

"உன் பேர் குபாத். உன் பேர் குபாத். உன் பேர் குபாத்பெக்."

ஊர் கையேந்தி ஆமீன் சொன்னது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நின்ற மூலையிலிருந்து ஒரு களுக் என்ற சத்தம் வந்தது. துமார் திரும்பி ஐதையை ஒரு பார்வை பார்த்தாள். சத்தம் நின்றது.

குபாத் என்றாலும் வலிமைதான். எங்கள் ஊரில் பத்து வீட்டுக்கு ஒரு குபாத் இருக்கிறான். ஆனால் அதே ஏழாம் வகுப்புப் புத்தகத்தில், விசை முடிந்து, வேலை முடிந்து, வசந்தகாலத்தில் திறன் என்று ஒரு பாடம் வரும். ஒரு வேலையை எவ்வளவு சீக்கிரம் செய்கிறோம் என்ற கணக்கு. புத்தகத்தில் திறனுக்கு உள்ள சொல், குபாத் என்றுதான் தொடங்கும்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதைத் துமார் அந்த நொடியே தெரிந்துகொண்டாள். சொல்லவில்லை. மயிர் நரைத்த காதில் பாங்கு வாங்கிக்கொண்டு, பிறந்தநாள் பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் எதைச் சொல்வது? முன்னால் வந்து, மூன்று தடவை குனிந்து வணங்கினாள். ஆயிரம் வருஷம் இரு பிள்ளே என்று அவர் வாழ்த்தினார். வழக்கப்படி தனக்கு வைத்த ஆட்டுத் தலையிலிருந்து ஒரு காதை அறுத்து அவள் கையில் கொடுத்தார்.

ஆய்வாளர் சொன்ன நாளில் வந்தார். துமார் கரும்பலகையில் அந்த எழுத்தை எழுதிவிட்டுத் திரும்பினாள். சொன்னாள். முதல் தடவை பாதிதான் வெளியே வந்தது. இரண்டாவது தடவை முழுசாக வந்தது. பின் பெஞ்சில் பேனா ஓடியது. மொத்தம் முப்பத்தொரு தடவை. கடைசியில் பார்த்தால் அதில் ஒரு வேடிக்கை. சொல் கிடைத்ததும் பிள்ளைகளுக்குச் சோம்பல் வந்துவிட்டது. குதிரையைப் பற்றிக் கேட்டதற்கு, "குதிரைகிட்ட நிறைய குச் இருக்கு எஜே" என்றான் ஒருவன், பதிலை முடித்துவிட்ட நிம்மதியோடு. பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. ஆய்வாளர் தலையாட்டிச் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். துமார் ஆய்வாளர் இருப்பதையே மறந்துபோய், "யாரு யாரை?" என்று அதட்டினாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது, இத்தனை வருஷம் தான் ஏமாற்றவில்லை என்று. பேர் தெரிந்தவுடன் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது மனுஷ சுபாவம். அவளுடைய பிள்ளைகளுக்கு அந்தக் குறுக்குவழி அடைபட்டிருந்தது, அவ்வளவுதான்.

வகுப்பு அவளிடமே இருந்தது. தாளின் அடியில் ஆய்வாளர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்: 'முன்னேற்றம் நன்று. உறுதிப்படுத்த அடுத்த வருகை ஏப்ரல் மூன்றாம் வாரம், திறன் பாடம்.'

குளிர்காலம் முழுக்கத் துமார் அந்த வரியை யாரிடமும் காட்டவில்லை. கிழவர் டீ குடிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் இப்போது எல்லாம் தங்குதடையில்லாமல் போகிறதா என்று கேட்பார். போகிறது அத்தா என்பாள். தான் பேரையே விட்டுக்கொடுத்த கதையை அவர் குமிஸ் கூட்டத்தில் சொல்லாத வாரமில்லை. கேட்கிறவர்கள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஊருக்கே தெரியும். அவர் ஒருத்தருக்குத்தான் தெரியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஏப்ரல் வந்தது, திறன் பாடமும் வந்தது. துமார் கரும்பலகையில் அதற்குரிய எழுத்தை எழுதிவிட்டு, பழைய வழக்கப்படி சொல்லை விழுங்கிவிட்டு, "எவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டாள். ஐதை தலையைக் குனிந்துகொண்டாள். ஆய்வாளர் வர ஐந்து நாள் இருந்தது. இந்தத் தடவை துமார் கொட்டிலுக்குப் போகவில்லை. உடற்பயிற்சி ஆசிரியருக்குக் கொடுக்கப் பாடக் குறிப்புகளை எடுத்து அடுக்கத் தொடங்கியிருந்தாள். கிழவர் இன்னொரு தரம் ஊர் முன்னால் காதை நீட்டி உட்கார வேண்டாம், வகுப்பு போனால் போகட்டும் என்று தீர்மானம் செய்துவிட்டாள்.

அன்று மதியம் அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கிழவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"கொட்டில்ல இன்னொரு ஆடு இருக்கு, பிள்ளே" என்றார்.

துமாரின் கை மாவிலேயே நின்றது.

"யாரு சொன்னா அத்தா?"

"பேரு வெச்ச அன்னிக்கே அந்த மூலைல ஒருத்தி சிரிச்சாளே. நான் மல்யுத்தம் பண்ணினவன். கூட்டத்துல எவன் எதுக்குச் சிரிக்கிறான்னு எனக்குத் தெரியாதா? மறுநாளே அவளைப் பிடிச்சு விசாரிச்சிட்டேன்."

"ஆறு மாசமா ஒண்ணுமே சொல்லலையே."

"நீ சொல்வேன்னு இருந்தேன். சொல்ல மாட்டேங்கிற. இப்ப வகுப்பையும் தூக்கிக் குடுக்கப் போறியாம்." தொப்பியைத் தட்டி மறுபடி தலையில் வைத்தார். "போன தடவை அவசரப்பட்டுட்டேன். இந்தத் தடவை அந்தப் புத்தகத்தைக் கொண்டா. பாத்துட்டுத்தான் வைக்கணும்."

துமார் கையைக் கழுவாமலே புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொருளடக்கத்தை விரலால் ஓட்டினார். டெமிர் என்று வைக்கலாமா என்று கேட்டார். இரும்பு நாற்பதாம் பக்கத்தில் வருகிறது என்றாள். தாஷ்? கல் இல்லாத பக்கமே இல்லை. தன் பழைய பேர் எந்தப் பக்கம் என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். உதடு அசைய, எழுத்துக் கூட்டி, அதை இரண்டு தடவை படித்தார்.

"ஒண்ணு இன்னொண்ணு மேல செலுத்துறது... அப்ப ஒருத்தன் தனியா இருந்தா அவன்கிட்ட இது கிடையாதா?"

"கிடையாது அத்தா. ரெண்டு பேரு வேணும்."

கிழவர் தன் தோளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"உங்க மாமியா நாப்பது வருஷம் இதையேதான் சொல்லிட்டிருந்தா. நான்தான் ஒத்துக்கல."

துமார் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, மாமனார் முன்னால், மாவுக் கையால் மூட மறந்துபோய். சிரிப்போடு சேர்ந்து கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தை மூடி அவள் பக்கம் தள்ளிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இது எனக்கு ஆகாது. எங்க எது வரும்னு உனக்குத்தான் தெரியும். பேரை நீயே வை. நான் போய் ஆட்டைப் பிடிச்சிட்டு வர்றேன்."

மருமகள் மாமனாருக்குப் பேர் வைத்த கதையை எங்கள் ஊர் அதுவரை கேட்டதில்லை. துமார் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினாள். இதில் இல்லாத சொல்லாக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் வராததாக இருக்க வேண்டும். எந்தப் பேரை வைத்தாலும் அதை அவள் ஆயுசுக்கும் ஒரு தடவைகூட வாயால் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை. ஆனாலும் நல்ல பேராகப் பார்த்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடினாள்.